சேந்தி அளவு

முன்னொரு காலத்தில் தென்கரை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், மாலையில் அதையே கிழிப்பான். அப்பேர்ப்பட்ட ராஜா!

அந்த நாட்டில் தொழில் செய்பவர்கள், கடனுக்குக் கட்டிய வட்டியைக் கழித்துவிட்டு மிச்ச லாபத்துக்கு வரி கட்டினால் போதும். நாற்பது கப்பல் வைத்திருந்த குபேரநாதர் பத்து வருஷமாக ஒரு காசு கட்டவில்லை. "சம்பாதித்தது பத்தாயிரம், வட்டியும் பத்தாயிரம்" என்று கையை விரிப்பார். சபையில் அவருக்கு முன்வரிசை ஆசனம் வேறு.

அந்த வருஷம் ஏரி மதகு உடைந்தது. கட்டப் பணமில்லை. ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இனி யாரும் வட்டியைக் கழிக்கக் கூடாது! வரி கட்டாதவன் தொழிலைப் பறிமுதல் செய்யுங்கள்!"

குபேரநாதர் குழைந்தார். "மகாராஜா, ஏய்ப்பதெல்லாம் இந்தச் சில்லறை ஆட்கள்தான். சட்டம் அவர்களோடு நிற்கட்டும். எனக்கு விலக்கு கொடுங்கள்."

ராஜா சரி என்று தலையசைத்தான். சபைக் கடைசியில் எண்ணெய்ச் செக்குக்காரி சேந்தி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடன் வாங்கி இரண்டு மாடு பிடித்தவள் அவள். நூறு சம்பாதித்தால் முப்பது வட்டிக்குப் போகும். நூறு முழுவதற்கும் வரி என்றால் ஒரு மாட்டை விற்க வேண்டும். ஒற்றை மாட்டை வைத்து அந்தச் செக்கை ஓட்ட முடியாது.

முத்திரைக்கு அரக்கு உருகிக்கொண்டிருந்தது. மந்திரி அறவாழி எழுந்தார்.

"ஒரு வார்த்தை, மகாராஜா."

"வீண் வார்த்தையானால் உம் பதவி போகும்!"

"போகட்டும். கடன்பட்டவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. தொழிலைக் கடன் கொடுத்தவரிடமே ஒப்படைத்தால் கடன் தீர்ந்தது என்று அறிவியுங்கள். சேந்தி, செக்கைக் கொடுத்துவிடுகிறாயா?"

சேந்தி தரையில் விழுந்தாள். "வேண்டாஞ் சாமி! வட்டியக் கட்டிக்கிட்டே கெடக்கேன். செக்க மட்டும் எடுத்துறாதீங்க!"

"நீங்கள், குபேரநாதரே?"

வெற்றிலையை மென்றபடி அவர் சிரித்தார். "மகாராஜா சித்தம். இன்றைக்கே ஒப்படைக்கிறேன்."

மந்திரி ராஜாவின் பக்கம் திரும்பினார். "பார்த்தீர்களா? ஒரு செக்குக்கு இவள் துடிக்கிறாள். நாற்பது கப்பல் போகிறது, இவருக்கு வெற்றிலை இனிக்கிறது! கடன் கொடுத்தவர் யார் என்று கேளுங்கள்."

"மணித்தீவு... சோமதத்தர்" என்றார் குபேரநாதர். மெல்லுவது நின்றுவிட்டது.

ராஜாவுக்கு உறைத்தது. "சரி, கப்பல்கள் அவருக்கே! இனி நீயோ உன் குடும்பமோ அதிலிருந்து ஒரு காசு தொட்டால் தலை போகும். முத்திரை எங்கே?"

அரக்கு ஓலையில் சொட்டியது. ராஜா முத்திரையை ஓங்கினான்.

"ஐயோ, வேண்டாம்! அவன் என் மைத்துனன்! கடனாக வந்ததும் என் பணம்தான், வட்டியும் என் பெட்டிக்கே திரும்புகிறது!"



"இவனிடம் பத்து வருஷ வரியையும் முழுசாக வசூல் செய்யுங்கள்!" என்று ராஜா கர்ஜித்தான். "மந்திரி, இனி இப்படி நடக்காமல் என்ன செய்வது?"

"நிஜமாகக் கடன்பட்ட சேந்திக்கே சம்பாத்தியத்தில் பத்தில் மூன்று பங்குதான் வட்டி. அதுவரை எல்லாரும் கழிக்கட்டும்; அதற்கு மேல் யார் வட்டி காட்டினாலும் கழிக்க வேண்டாம்."

"ஆகட்டும். அதற்குச் சேந்தி அளவு என்றே பெயர்!"

மதகு எழும்பியது, சேந்தியின் மாடுகள் அவளிடமே இருந்தன. வருஷாவருஷம் சுங்க அதிகாரி துறைமுகத்தில் நின்று, "சேந்தி அளவு போக மிச்சத்துக்கு வரி!" என்று ஊரே கேட்கக் கூவுவார். அவளைச் சில்லறை என்ற குபேரநாதர், அவள் பெயர் போட்ட வரி ஓலையில் தலைகுனிந்து கையெழுத்துப் போடுவார்.