ஒரு சாண் பலகை

முதலில் வந்தது சத்தம்தான். கல் தரையில் மரக்கட்டை ஊன்றும் சத்தம், பின்னாலேயே சேலை இழுபடும் சத்தம். டொக், சர்ர். டொக், சர்ர். எத்தனையோ வருஷம் போன பிறகும் குற்றாலிங்கத்தின் காதில் அது அப்படியே இருந்தது.

மலையடிவாரத்து மடத்தில் அவர்தான் சமையல். ஐம்பது வயது. குள்ளமான ஆள். அன்றைக்கும் வழக்கம்போல் பலகைமேல் ஏறி நின்று உலையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

வந்தவள் பெயர் உலகம்மை. சின்ன வயதில் காய்ச்சல் கண்டு இரண்டு காலும் விளங்காமல் போனவள். கைக்கு ஒரு கட்டையைப் பிடித்து ஊன்றித் தரையோடு நகர்ந்து வந்தாள். இருபது பேருக்குப் பொங்கிப் போட்டுப் பழக்கம் என்றாள். சமையல் வேலை கேட்டாள்.

குற்றாலிங்கம் இரக்கக்காரர். முதல் பந்தியில் இலை போட்டார். மற்றவர்களுக்கு இல்லாத நெய்யை அவளுக்கு ஊற்றினார்.

மூன்று நாள் சாப்பிட்டாள். நான்காம் நாள் சோறு விழுவதற்கு முன்பே இலையை மடித்துவிட்டாள். வேலை இல்லையென்றால் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்குப் போய்விடுவாளாம். எங்கே போவாய் என்று கேட்டார். அவள் கட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவர் சாமியம்மாவிடம் போய் முறையிட்டார். மடத்தின் குருவான சாமியம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"சோறு போட்டாலும் வேண்டாங்கிறா, தாயி. வேலைதான் வேணுமாம். நிக்க முடியாதவளுக்கு அந்த அடுப்பு எட்டுமா? நீங்களே சொல்லுங்க."

"எட்டாதுதான், அண்ணாச்சி."

பூத்தொடுத்துக்கொண்டிருந்த சாமியம்மாவின் கை நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பலகையைக் காணோம்.

விறகுக்குப் பின்னால் பார்த்தார். சாக்குக்கு அடியில் பார்த்தார். உலை கொதித்துவிட்டது. நுனிக்காலில் எம்பி நின்றும் பானைக்குள் எதுவும் தெரியவில்லை. கரண்டி கைநழுவி உள்ளே விழுந்தது.

முற்றத்தில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த உலகம்மை தலையைத் தூக்காமலே சொன்னாள்: "தீயை இழுங்க அண்ணாச்சி. அடிப்பிடிக்கப் போகுது."

அவர் இழுப்பதற்குள் பிடித்துவிட்டது.

சாமியம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பலகைமேல்.

"தாயி, அது என் பலகை."

"அப்படியா. கருகின வாடை இங்கே வரைக்கும் வருது."

"பலகை இல்லாம நான் எப்படிச் சமைக்க?"

"பதினோரு வருஷமா நல்லாச் சமைக்கிறவர்னு உங்களை நினைச்சிருந்தேன். உங்களுக்கும் அடுப்பு எட்டாதாமே."

"எனக்கு முன்னாடி இருந்தவர் நெட்டை, தாயி. அவர் உயரத்துக்குக் கட்டிட்டுப் போயிட்டார். அதுக்கு நான் என்ன செய்ய? ஒரு சாண் பலகைதானே. அது மட்டும் இருந்தா..."

அவர் கண் பலகைமேல் நின்றது.

வாசல் பக்கம் சத்தம் கேட்டது. டொக், சர்ர்.

சாமியம்மா எழுந்து பலகையை நீட்டினார். குற்றாலிங்கம் அதை வாங்கவில்லை. விறகுக் கொட்டகைக்கு ஓடினார். கடப்பாரையோடு வாசலுக்கு ஓடினார்.

"உலகம்மை, கொஞ்சம் நில்லு. நீ உக்காந்து சமைக்க அடுப்பு எவ்வளவு உயரம் இருக்கணும்? கையால காட்டு."

அவள் அவரைப் பார்த்தாள். கடப்பாரையைப் பார்த்தாள். கட்டையைக் கீழே வைத்துவிட்டு, தரையிலிருந்து கையை மெல்லத் தூக்கிக் காட்டினாள்.

உலகம்மை அந்த மடத்தில் இருபத்தொரு வருஷம் சமைத்தாள். அவளுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தவர் குற்றாலிங்கம்.