வாசலில் தொங்கிய பாம்புச் சட்டை

ஏரிக்கரை மேட்டில், ஒரு கள்ளிப் புதருக்கு அடியில், வெள்ளெலிக் குடும்பம் ஒன்று புது வளைக்குக் குடிவந்தது. அப்பா எலியின் பெயர் செங்கோடன். அம்மா எலி பவளக்கொடி. அவர்களுக்கு அப்போதுதான் நடக்கப் பழகிய குட்டிகள் இருந்தன. எல்லாவற்றிலும் சின்னது மிளகு.

பழைய வளையில் அவர்களுக்கு மூத்த பிள்ளை ஒன்று இருந்தது. ஒரு நாள் சாரைப்பாம்பு வாசல் வழியாகத் தலையை நீட்டி அதைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து செங்கோடனுக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. இலை அசைந்தால் எழுந்து உட்காருவான். குட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பான்.

அது பனிக்காலம். காலையில் ஏரியிலிருந்து வெள்ளையாகப் பனி எழுந்து கரை முழுவதையும் மூடிக்கொள்ளும். கள்ளிச்செடிகள் யாரோ நிற்பது போலத் தெரியும். பனிக்குள் ஏதோ ஊர்வது போலச் சரசரப்பு கேட்கும். கூர்ந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. சரசரப்பு மட்டும் கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடியும் கேட்கும்.

"இந்த வீட்டைப் பத்திரமாக்கணும். எப்படியாவது!" என்றான் செங்கோடன்.

பக்கத்து வளையிலிருந்த பெருச்சாளி அண்ணன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கீரியைக் காவலுக்கு வையேன் தம்பி! பாம்பு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது."

"சம்பளம் என்ன கேட்கும் அண்ணே?"

"உன் தானியத்தில் பாதி."

"அது போகட்டும். கீரிகிட்டயிருந்து எங்களை யார் காப்பாத்துவா?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்!" என்று சொல்லிவிட்டுப் பெருச்சாளி வளைக்குள் போய்விட்டார்.

அதனால் செங்கோடன் தானே வேலையில் இறங்கினான். புற்றுமண்ணை வாயில் கவ்விக்கொண்டு வந்தான். வைக்கோலை மென்று அதோடு குழைத்தான். வாசலைச் சுற்றி அந்தச் சேற்றைப் பூசிப் பூசி, ஓர் எலி மட்டும் உடம்பைச் சுருக்கி நுழையும் அளவுக்குக் குறுக்கினான். வெயிலில் காய்ந்ததும் அது கல் மாதிரி ஆனது. பின்பக்கமாக, கள்ளி வேருக்கு நடுவே, பவளக்கொடி தப்பிப்போக ஒரு சின்ன வழி தோண்டினாள். வாசலுக்கு இரண்டு பக்கமும் கருவேல முள்ளை நட்டார்கள்.

நல்ல வேலை. பெரிய சாரை எதுவும் அந்த வாசலுக்குள் தலையை நுழைக்க முடியாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏனென்றால் அந்தக் கரைக்கு வேறொரு காவலும் இருந்தது.

கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தாள். எல்லோருக்கும் அவள் அக்கா. பகல் முழுவதும் நீண்ட கால்களால் மேடும் பள்ளமும் நடந்துகொண்டே இருப்பாள். பாம்போ நரியோ கண்ணில் பட்டால் போதும், கரையே அதிரும்படி கத்துவாள். அவள் கத்தினால் எல்லோரும் வளைக்குள் ஓடிவிட வேண்டும். அதற்குப் பதிலாக, வளை தோண்டும்போது கிடைக்கும் புழுக்களையும் வண்டுகளையும் எலிகள் அவளுக்கென்று வெளியே ஒதுக்கி வைக்கும். கரையின் வழக்கம் அது.

ஆனால் செங்கோடன் மனம் அமைதியாகவில்லை. "அக்கா அந்தக் கோடியில் இருக்கும்போது பாம்பு இந்தக் கோடியில் வந்தால்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஒரு காலை அவன் பாறை இடுக்கில் ஒரு பாம்புச் சட்டையைக் கண்டான். சாரை உரித்துப் போட்ட முழுச் சட்டை. தலை முதல் வால் வரை ஓர் இடத்திலும் கிழியவில்லை. கண் இருந்த இடத்தில்கூடக் கண்ணாடி போல மெல்லிய தோல் இருந்தது. அதற்குள்ளே ஒன்றுமில்லை.

செங்கோடனின் மீசை சிலிர்த்தது. பயத்தில் அல்ல, யோசனையில்! அதைப் பல்லால் பற்றி வீடு வரை இழுத்து வந்தான். முள்ளில் மாட்டி, வாசலுக்கு முன்னால் சுருண்டு கிடப்பது போல அமைத்தான்.

பவளக்கொடி வெளியே வந்தாள். அப்படியே உறைந்து நின்றாள்.

"பயந்துட்டியா? சட்டை பவளம், வெறும் சட்டை!" என்றான் செங்கோடன் பெருமையாக. "இங்கே பாம்பு குடியிருக்குன்னு நினைச்சு எந்தப் பகையும் கிட்ட வராது. ஒரு நெல்மணி செலவில்லை!"

"குட்டிங்க பார்த்தா மிரளுமுங்க. எடுத்துப் போட்டுடுங்க."

"பழகிடும்."

பழகித்தான் போனது. முதலில் சட்டையில் பாம்பு வாடை அடித்தது. குட்டிகள் மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கின. பிறகு மூக்குக்கு அந்த வாடை பழகிவிட்டது. காற்றடித்தால் சட்டை 'ஸ்ஸ்' என்று சீறும். பிறகு காதுக்கும் பழகிவிட்டது. மிளகு அதற்குப் பெயர்கூட வைத்தாள். காவக்கார மாமா!

"மாமா, சாப்பிட்டாச்சா?" என்பாள். கம்பு மணி ஒன்றை அதன் வாய்ப்பக்கம் வைப்பாள். காற்றில் சட்டையின் தலை ஆடும். "போதும்னு சொல்றார்!" என்று மற்றக் குட்டிகள் கைகொட்டும்.

பகைகள் உண்மையிலேயே வரவில்லை. காக்கை தள்ளிப் பறந்தது. உடும்பு சுற்றிக்கொண்டு போனது. ஆனால் ஆள்காட்டி அக்கா மட்டும் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அலறினாள். அவள் அலறினால் கரை முழுவதும் மேய்ச்சலை விட்டுவிட்டு ஓடி ஒளிந்தது. பெருச்சாளிக்குக் கோபம் வந்தது.

"தம்பி, உன் வீட்டு அலங்காரத்தால எங்க வயிறு காயுது!"

செங்கோடன் ஆள்காட்டியிடம் போனான். "அக்கா, அது சட்டை! எத்தனை தரம் சொல்றது? என் வாசலைப் பார்த்துக் கத்தாதே!"

"பாம்பு மாதிரி இருக்கேய்யா!"

"மாதிரிதானே? பாம்பு இல்லையே!"

"எனக்குக் கத்தத்தான் தெரியும். இதுக்குக் கத்து, அதுக்குக் கத்தாதேன்னு பார்த்துக் கத்தத் தெரியாது."

"அப்ப கத்தவே வேண்டாம்! எங்க வீட்டுக்குக் காவல் இருக்கு. புழுவும் இனிமே கிடையாது, போ!"

ஆள்காட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சரிய்யா. உன் வாசலைப் பார்த்து இனிமே கத்தமாட்டேன்" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கள்ளிப் புதரைக் கடக்கும்போது கண்களைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

பிறகு ஒரு நாள் காற்று பலமாக அடித்தது. மறுநாள் பனி மிகவும் அடர்ந்து இறங்கியது. வாசலிலிருந்து பார்த்தால் ஏரியே இல்லை. எதிரில் வெள்ளைச் சுவர் ஒன்று மட்டும் நின்றது. சரசரப்பு எதுவும் கேட்கவில்லை. சில்வண்டுகூடப் பாடவில்லை.

செங்கோடன் உள்ளே சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தான். மிளகு வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அப்பா! மாமாவுக்கு இன்னிக்குக் கண்ணு இருக்கு!"

"நல்லதாப் போச்சு. கண்ணு இருந்தாத்தானே காவல் பார்க்க முடியும்?" என்று சிரித்தான் அவன். கை நிற்கவில்லை.

"மாமா குண்டாயிட்டார் அப்பா!"

"பனியில் நனைஞ்சு ஊறியிருக்கும் கண்ணு."

"அழகா மினுமினுன்னு இருக்கார்!"

"ம்."

பிறகு மிளகு, ரகசியம் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா, மாமா மூச்சு விடுறார்."

செங்கோடனின் கையிலிருந்து மண் விழுந்தது.

அவன் வாசலுக்கு வந்தான். சட்டை கிடந்த அதே இடத்தில், அதே சுருளாக அது கிடந்தது. பனித்துளிகள் அதன் முதுகில் வழுக்கி ஓடின. மிளகு அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அது மூச்சு விடும்போதெல்லாம் அவளுடைய சின்ன உடம்பு கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது.

கத்தினால் குட்டி மிரளும். குட்டி மிரண்டால் அது பாயும். செங்கோடன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மிளகு... உள்ளே வாம்மா. அம்மா கூப்பிடுறா."

"இருப்பா! இங்கே இதமா இருக்கு."

சுருளிலிருந்து தலை எழுந்தது. "குழந்தையை எதுக்குக் கூப்பிடுறே?" என்றது சாரை. அதன் குரல் மிகவும் மெதுவாக, ஏறக்குறைய அன்பாக இருந்தது. "காவக்காரன்கிட்டதானே இருக்கு!"

"சட்டை... சட்டை எங்கே?"

"அது பழசு. காற்றில் ஏரிக்குள்ளே போயிடுச்சு. இடம் காலியா இருந்துச்சு, வந்து படுத்துக்கிட்டேன். இப்ப இல்லை, நேத்து சாயங்காலமே! உன் குட்டிங்க எல்லாம் எனக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் தூங்கப் போச்சு. நீகூட என்னைத் தாண்டித்தான் மண் எடுக்கப் போய் வந்தே."

செங்கோடன் மிளகை நோக்கி ஓர் அடி நகர்ந்தான். "அப்போ ஏன்...?"

"நேத்துப் பசியில்லை" என்றது சாரை.

பனிக்குள் நீண்ட கால்கள் நடந்துபோவது மங்கலாகத் தெரிந்தது. செங்கோடன் மொத்த உயிரையும் திரட்டிக் கத்தினான்.

"ஆள்காட்டி அக்கா! பாம்பு! என் வாசலில் பாம்பு! கத்து அக்கா! நீ கத்தினா பாம்பு உன் பக்கம் திரும்பிப் பார்க்கும், கத்து!"

"போய்யா!" என்று பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. "அன்னிக்கு நான் கத்தினதுக்குத் திட்டினே, இன்னிக்கு நீயே கத்திட்டு விளையாடுறியா? சட்டைக்கெல்லாம் நான் கத்தமாட்டேன்!"

"சட்டை இல்லை அக்கா! நிஜம்!"

"காலங்கார்த்தால ஆரம்பிச்சிட்டான் பாரு!" என்று பக்கத்து வளைக்குள்ளிருந்து பெருச்சாளியின் குரல் கேட்டது. கரையில் யாரோ சிரித்தார்கள். நீண்ட கால்கள் பனிக்குள் தள்ளிப்போய் மறைந்தன.

சாரை வாயைத் திறந்தது. மிளகுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. அந்த இளஞ்சிவப்பான ஆழத்தை அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"மாமா கொட்டாவி விடுறார்!"

செங்கோடன் பாய்ந்தான். குட்டியை ஓர் உதை உதைத்து வாசலுக்குள் தள்ளினான். தானே அந்தத் தலையின் மேல் விழுந்து, கண்ணுக்குக் கீழே பல்லைப் பதித்தான். "பவளம்! பின்வழி!" என்று ஒரே ஒரு தடவை அவன் குரல் கேட்டது.

பவளக்கொடி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நகர்ந்திருக்கமாட்டாள். மிளகை வாயில் கவ்விக்கொண்டு, மற்றக் குட்டிகளை முன்னால் விரட்டிக்கொண்டு, கள்ளி வேருக்கு நடுவே நுழைந்து மறுபுறம் வெளியேறினாள். வெளியே வந்தும் ஓடினாள். எல்லாக் குட்டிகளும் பிழைத்தன.

வெயில் ஏறியது. பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. கரையில் எல்லோரும் மேய்ந்துகொண்டிருந்தார்கள். பெருச்சாளி ஒரு கிழங்கைக் கடித்தபடி கள்ளிப் புதர் பக்கம் பார்த்தார்.

"அக்கா, செங்கோடன் வீட்டுச் சட்டையைப் பார்த்தியா? இறங்கிப் போகுது!"

ஆள்காட்டி திரும்பினாள். வாசலில் கிடந்த சட்டை, சுருள் பிரிந்து, அவசரமில்லாமல் மேட்டிலிருந்து ஏரியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் ஓர் எலி அளவுக்குப் புடைப்பு இருந்தது.

அப்போதுதான் ஆள்காட்டி கத்தினாள். வெகுநேரம் கத்தினாள். பாம்பு இறங்கி மறைந்த தண்ணீரில் கடைசி வளையம் கரையைத் தொட்டு அடங்கிய பிறகும் அவளால் நிறுத்த முடியவில்லை.

பிறரைப் பயமுறுத்த வாசலில் பொய்யான ஆபத்தைக் கட்டிவைத்து, எச்சரிக்கும் குரலையும் தொந்தரவு என்று அடக்குகிறவன், உண்மையான ஆபத்துக்குத் தன் வீட்டிலேயே இடம் ஒதுக்கிக் கொடுக்கிறான்.