பொட்டு வைத்த பனி வண்டி

கானல்பட்டியில் வெயிலுக்குக் குறைவில்லை, மூளைக்குத்தான் தட்டுப்பாடு. இருந்த கொஞ்சத்திலும் மூக்கையா, சடையாண்டி, வெள்ளைச்சாமி என்ற அண்ணன் தம்பிகளுக்கு யாரும் பங்கு கொடுக்கவில்லை. ஊரில் இருந்த ஒரே ஒர்க்‌ஷாப் அவர்களுடையது.

அந்த ஊரில் குணசீலன் ஒரு குளிர்க் கொட்டகை கட்டி, மெஷினால் பனி தூவி, அதில் ஓட்ட ஒரு பழைய பனி வண்டியும் வாங்கினார். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத் பஞ்சாயத்துத் தலைவரம்மா இதுல ஏறி வந்து திறந்து வைப்பாங்க. இன்ஜின் ஓடலேன்னா மீசையை எடுத்துடறேன்" என்று மச்சான் தர்மரிடம் கடைவீதியில் சவால் விட்டார். தர்மர் அன்றைக்கே நாவிதரிடம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லி வைத்தார்.

குணசீலன் வண்டியை அந்த அண்ணன் தம்பிகளிடம் விட்டு, வலு கூட டர்போ மாட்டச் சொன்னார். அது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் ஊட்டும். அதற்கேற்ப, உள்ளே காற்று நெருக்கப்படும் அளவான கம்ப்ரஷனையும், வால்வுகள் திறந்து மூடும் நேரமான கேம் டைமிங்கையும் சரிசெய்யும் முறையை கோயம்புத்தூர் இன்ஜினியர் வினோதினி தமிழிலேயே எழுதி அனுப்பினாள். படிக்கத் தெரிந்தவர்கள் என்று நம்பியது அவள் தவறு இல்லை. அவர்கள் படித்தார்கள். அதுதான் ஆபத்து.

முதல் வரி: 'பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, கிராங்கைச் சுற்றவும். காற்று தள்ளும்வரை விரலை எடுக்கக் கூடாது.'

இன்ஜினில் மூன்று ஓட்டைகள். மூவரும் ஆளுக்கொன்றில் விரலை வைத்துக் குனிந்தார்கள். மதியம் ஆயிற்று.

"அண்ணே, காத்து வரலியே?"

"சுத்தினாத்தானடா வரும்."

"யாரு சுத்துறது?"

"விரலை எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. படிச்ச பொண்ணு பொய் சொல்லுமா?"

சாயங்காலம் குணசீலன் வந்து, தலையில் அடித்துக்கொண்டு, தானே ஸ்பானரைப் போட்டுச் சுற்றினார். விரல்கள் ஒவ்வொன்றாக எகிறின. "காத்து உங்க பேச்சைத்தாண்ணே கேக்குது" என்றான் வெள்ளைச்சாமி, மரியாதையோடு.

அடுத்த வரி: 'செயினைக் கழற்றுமுன் கேம் சக்கரத்தில் ஒரு பல்லுக்கும், அதில் பொருந்தும் செயின் கண்ணிக்கும் வெள்ளைப் பொட்டு வைக்கவும். திரும்ப மாட்டும்போது இரண்டும் சேர வேண்டும்.'

சடையாண்டி ஒரு பொட்டு வைத்துவிட்டு யோசித்தான். "ஆயுத பூசையில ஸ்பானர் செட்டுல ஒண்ணுக்கு மட்டுமா பொட்டு வைக்கிறோம்?"

"எல்லாத்துக்கும்தான்."

"பின்னே மத்த பல்லெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

வழக்கம் வழக்கம்தானே. எல்லாப் பல்லுக்கும், எல்லாக் கண்ணிக்கும் பொட்டு வைத்தார்கள்.

பிறகு செயினையும், இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டையும் கழற்றி, கம்ப்ரஷன் குறையத் தடித்த கேஸ்கெட் தகட்டைப் போட்டார்கள். இதை மட்டும் ஏன் சரியாகச் செய்தார்கள் என்பது இன்றுவரை விளங்கவில்லை. செயினை எங்கே மாட்டினாலும் பொட்டும் பொட்டும் சேர்ந்தன. "பாத்தீங்களாண்ணே, கஷ்டமே இல்ல!"

வெள்ளிக்கிழமை டர்போவையும் மாட்டி ஸ்டார்ட் செய்தார்கள். இன்ஜின் 'டங்'கென்று ஒரே ஒரு சத்தம் போட்டு நின்றது.

"எதுக்கோ பொட்டு வைக்காம விட்டுட்டோம்."

"பிஸ்டனுக்கு!"

ஹெட்டைத் திறந்தார்கள். நேரம் தவறித் திறந்த வால்வுகள் பிஸ்டனில் இடித்து, தாமும் வளைந்து, ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் பளிச்சென்று பள்ளம் போட்டிருந்தன. மூக்கையா கையெடுத்துக் கும்பிட்டான்.

"டேய், தானாவே பொட்டு வச்சுக்கிச்சுடா!"

அது அழியாமல் பார்த்து மூடினார்கள். பிறகு முறைப்படி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்கள். இப்போது புத்தி வந்திருந்தது: மூக்கையா மட்டும் விரலை வைத்தான், தம்பிகள் மாறி மாறிச் சுற்றினார்கள். வளைந்த வால்வு வழியே காற்றெல்லாம் போய்விட்டது. விரலை எதுவும் தள்ளவில்லை. சனிக்கிழமை முழுக்கத் தள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. தலைவரம்மா பட்டுப் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். தர்மர் நாவிதரோடு நின்றார். குணசீலன் மீசையைத் தடவியபடி, "இழுங்கடா!" என்று பல்லைக் கடித்தார். தம்பிகள் கயிறு கட்டி இழுத்தார்கள். வண்டி பனியில் வழுக்கிக்கொண்டு போனது. கூட்டம் கைதட்டியது.

"மாப்ளே, இன்ஜின் ஓடணும்னுதானே பேச்சு?" என்றார் தர்மர். நாவிதர் பெட்டியைத் திறந்தார்.

தலைவரம்மா குனிந்து பார்த்தார். வண்டியை ஒட்டி ஒருவன் முதுகை வளைத்துக்கொண்டே ஓடி வந்தான்.

"யாருப்பா நீ? எதுக்கு இப்படி ஓடி வர்றே?"

"மூக்கையாங்கம்மா. காத்து இன்னும் விரலைத் தள்ளல."