ஈப்பங்கில் நஞ்சு

அந்தக் காலத்தில் ஈக்களுக்கும் வாய்ப்பேச்சு உண்டு. மனிதர் சொன்னால் கேட்கும், தாம் சொன்னதைக் காக்கும். இதைச் சொன்னால் இன்றைக்குச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் பேச்சை முறித்தது யார் என்று கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கடற்கரையில் கருவாடு காயவைக்கும் மணல்வெளி ஒன்று இருந்தது. பூமிநாதன் சம்மாட்டிக்குச் சொந்தமானது. படகும் வலையும் வைத்து ஆட்களை வேலை வாங்குகிறவரை அந்தப் பக்கம் சம்மாட்டி என்பார்கள். மீனை அறுத்து உப்பிட்டுக் காயப்போடும் பெண்களுக்கு ராக்காயி தலைமை. அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மீன் அறுத்ததும் குடலையும் செவுளையும் கூடையில் அள்ளிப்போய், தாழம்புதருக்கு அப்பால் ஒரு குழியில் கொட்டுவார்கள். அதற்கு ஈப்பங்கு என்று பெயர். கொட்டியதும் ராக்காயி கூடையின் அடியைத் தட்டுவாள். சத்தம் கேட்டு ஈக்கள் வரும், தின்னும், அங்கேயே முட்டையிடும். காயும் மீன் பக்கம் ஒன்றுகூடத் திரும்பாது. பேச்சு அப்படி.

அந்த ஈக்கூட்டத்தில் கோணச்சி என்று ஒருத்தி இருந்தாள். ஒவ்வோர் ஈயின் நரம்பிலும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. அவை திறந்து மூடினால்தான் சிறகு அசையும், கால் நகரும். கோணச்சிக்குப் பிறவியிலேயே அந்தக் கதவுகள் கொஞ்சம் கோணல். யார் செய்த குற்றமும் இல்லை. முட்டைக்குள் உடம்பு உருவாகும்போது எங்கோ ஓர் இடத்தில் பிசகிவிட்டது, அவ்வளவுதான். அதனால் அவள் மந்தம். குழிக்குக் கடைசியாகத்தான் வந்து சேருவாள். அதற்குள் ஈரமான இடமெல்லாம் போயிருக்கும். ஓரத்தில் இடுகிற அவள் முட்டைகள் வெயிலில் காய்ந்து கருகிவிடும்.

"வந்துட்டாடி நம்ம தேரு, ஆடி அசைஞ்சு!" என்று மற்ற ஈக்கள் கேலி செய்யும். கோணச்சி ஓரமாய் இடம் தேடிப் போவாள். ஒரு பிள்ளையாவது பிழைக்க வேண்டும் என்பதுதான் அவள் ஏக்கமெல்லாம்.

அந்த வருஷம் சம்மாட்டி தென்னங்கன்று வைத்தார். வைத்ததும் குழியின் மேல் கண் விழுந்தது.

"ஈக்கு விருந்தா வைக்கிறீங்க, விருந்து? இனிமே குடலைப் பூரா என் கன்னுக்கு உரமாப் போடுங்க" என்றார்.

"பங்கை நிப்பாட்டுனா மீன்ல வந்து உக்காந்துரும் முதலாளி. அதுக பேச்சு மாறல. நாம மாறலாமா?" என்றாள் ராக்காயி.

"ஈகிட்ட என்னடி பேச்சு?"

கழுதை மேல் மூட்டை ஏற்றி வந்த மருந்துக்காரன் ஒருவன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளைப் பொடியை எடுத்து நீட்டினான். ஈயின் நரம்புக் கதவுக்குள் புகுந்து, மூடவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம். துடித்துத் துடித்தே சாகுமாம். அவன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான், சம்மாட்டியும் சிரித்துக்கொண்டே வாங்கினார்.

பொடியை ஈப்பங்கில் கலக்கச் சொன்னபோது ராக்காயி கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "என் கையால நடக்காது" என்றாள்.

அந்தச் சம்மாட்டியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கொல்லத்தான் வேண்டுமென்றால் மணல்வெளியில் எதிரே நின்று தூவியிருக்கலாம். அவரோ ராக்காயியின் கூடையை எடுத்துக்கொண்டு குழிக்குப் போய், நஞ்சு கலந்த குடலைக் கொட்டி, அவள் தட்டுவது போலவே தட்டினார். ஈக்கள் நம்பி வந்தன. சாப்பிடக் கூப்பிட்டுக் கொன்றார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, கெட்ட வார்த்தைகள்தான் வருகின்றன.

குழி முழுக்கச் செத்த ஈ. கடைசியாக வந்த கோணச்சியும் தின்றாள், விழுந்தாள், உதறினாள். ஆனால் கோணல் கதவில் அந்த நஞ்சுக்குப் பிடி கிடைக்கவில்லை. எழுந்துவிட்டாள். நேரே ராக்காயியிடம் பறந்தாள்.

"அக்கா, நீயா கூப்பிட்ட?"

"நான் கூப்பிடலடி. என் கூடையைப் பிடுங்கிட்டுப் போய் அந்தப் பாவி கூப்பிட்டான்" என்று ராக்காயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"அப்படின்னா பேச்சு இன்னும் நிக்குது. தெக்குத் துறையில எங்க ஆளுக நிறைய இருக்காக. கூட்டிட்டு வாரேன். அவுகள்ல ஒருத்தரைக் கட்டிக்கிறேன். என் கோணலும் பிள்ளைகள்ல கலந்து கலந்து கரைஞ்சு போயிரும். பங்கு மட்டும் சுத்தமா வேணும்."

ராக்காயி குழியைச் சுத்தம் செய்து பழையபடி பங்கு கொட்டினாள். தெற்குத் துறை ஈக்களும் சொன்னபடி வந்தார்கள். கோணச்சிக்கு ஒரு புருஷன் வாய்த்தான், வேகமாகப் பறக்கிறவன். அவன் முந்திப்போய் இடம் பிடிக்க, முதன்முறையாகக் குழியின் நடுவில் முட்டையிட்டாள். பிள்ளைகள் பிழைத்தார்கள். வளர்ந்து அவர்களும் பிள்ளை பெற்றார்கள். சிலர் தாயைப் போல மந்தம், பலர் தகப்பனைப் போல வேகம். அவள் பட்ட சந்தோஷத்தை ராக்காயி பார்த்தாள். சம்மாட்டியின் காலில் போய் விழுந்தாள்.

"முதலாளி, இதோட விட்டுருங்க. குடும்பம் குட்டியுமா இருக்குக. மீன்ல ஒண்ணாவது உக்காருதா, பாருங்க."

அவர் மீனைப் பார்க்கவே இல்லை. "ஒரு ஈ பொழைச்சிருச்சுன்னா மருந்தைக் கம்மியாப் போட்டுட்டோம்னு அர்த்தம். இன்னும் கூட்டிப் போடு" என்று ஆட்களை ஏவினார். குழியில் கொட்டினார்கள். போதாதென்று காயும் மீன் மேலும் தூவினார்கள். யார் தின்னப்போகிற மீன்? அவர் வீட்டில் கருவாடு சமைப்பதில்லை. அதனால் தூவினார்கள்.

கோணச்சியின் புருஷன் அவள் எதிரிலேயே சுழன்று விழுந்தான். தகப்பனைப் போலப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் விழுந்தார்கள். ஒன்றொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். கோணலாய்ப் பிறந்ததுகள்தான் தட்டுத்தடுமாறி எழுந்தன. குழி இப்போது முழுக்க அவர்களுக்குத்தான். இடத்துக்குப் போட்டி போட ஒருவரும் மிச்சமில்லை.

கோணச்சி சம்மாட்டியின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"எங்கள்ல நல்லதை எல்லாம் நீயே கொன்னுட்ட. உன் மருந்து எனக்கு ஒண்ணும் கத்துக்குடுக்கல. என்னைய மிஞ்சி இருந்தவுகளைத்தான் ஒழிச்சுக் குடுத்துச்சு. நீ பொறுக்கி எடுத்த மிச்சம் நாங்க. நீயே வச்சுக்க. இனி உங்க சாதியோட எங்களுக்குப் பேச்சு கிடையாது."

அதுதான் ஈ பேசிய கடைசி வார்த்தை. அடுத்த நொடி அவள் பிள்ளைகள் மணல்வெளி முழுக்க இறங்கினார்கள். மீனே தெரியவில்லை. சம்மாட்டி மூட்டை மூட்டையாகப் பொடியை இறைத்தார். இறைக்க இறைக்கக் கோணல் ஈ பெருகியதே தவிர ஒழியவில்லை. கருவாடு அத்தனையும் புழுத்துப்போக, கடலில் கொட்டினார்கள். ராக்காயி கூடையை அடுப்பில் போட்டு எரித்துவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டாள்.

இன்றும் கடையில் புது டப்பாவை நீட்டி, "இதுக்குக் கட்டாயம் சாகும்" என்கிறார்கள், நாமும் கூச்சமில்லாமல் வாங்கி அடிக்கிறோம். சம்மாட்டி கூடையைத் தட்டிய அந்த நாளுக்குப் பிறகுதான், மருந்துக்கு மல்லாந்து விழுகிற ஈ நாம் துடைப்பம் எடுத்து வருவதற்குள் எழுந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், நேரே நம் சோற்றில் வந்து உட்காருகிறது.