கையசைத்துக் காட்டிய தவளை

ஒரு மழைக்காட்டின் நடுவே எந்தக் கோடையிலும் வற்றாத ஒரு சதுப்பு இருந்தது. அங்கே மரங்களின் வேர்கள் மூச்சுவிடுவதற்காகச் சேற்றுக்கு மேலே முட்டிபோட்டு நிற்கும். காட்டு ஜாதிக்காய்கள் பழுத்து விழுந்து கிடக்கும். அந்த வேர்களின் இடுக்கில் தொந்தியப்பன் என்ற தவளை வாழ்ந்து வந்தது.

தொந்தியப்பனுக்குக் காட்டில் ஒரு பெரிய வேலை இருந்தது. புதிதாக எந்த உயிர் வந்தாலும் அது எப்படிப்பட்டது என்று காட்டு உயிர்கள் கூடும் சபையில் வர்ணிக்க வேண்டும். ‘புது இனம்தான்’ என்று சபை ஒப்புக்கொண்டால் அதற்கு ஒரு பெயர் கிடைக்கும். ஜோடி சேரும் பருவத்தில் தங்க ஓர் இடமும் கிடைக்கும். அந்த இடத்தில் இருக்கும்வரை யாரும் அதை வேட்டையாடக் கூடாது. அதுதான் சதுப்பின் வழக்கம்.

இவ்வளவு பெரிய வேலையைத் தொந்தியப்பன் எப்படிச் செய்தது தெரியுமா? தின்று பார்த்துத்தான்!

“வண்டு, மொறுமொறுப்பு! தட்டான், இறக்கை அண்ணத்துல ஒட்டும்! கறையான், வெண்ணெய்!” என்று அது அடுக்கும். சபையும் தலையாட்டும். யானைக் கூட்டம் வந்த அன்று மட்டும் மரத்துக்குப் பின்னால் இருந்தபடியே வர்ணனையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டது.

ஒரு நாள் காலையில் சதுப்புக்குச் சில ஈக்கள் வந்தன. அரிசியைவிடச் சிறிய உடம்பு. அந்த உடம்புக்குச் சற்றும் பொருந்தாத நெட்டைக் கால்கள். வெயில் விழும் அகலமான இலை ஒன்றில் அவை வந்து உட்கார்ந்தன. தொந்தியப்பனின் நாக்கு பாய்ந்தது. ஓர் ஈ உள்ளே போனது.

அன்றைக்கே சபை கூடியது. தலைவர் நீர்நாய் வேரின் மேல் ஏறி உட்கார்ந்து, “சொல்லப்பா, எப்படி இருந்துச்சு?” என்று கேட்டது.

“பச்சை நிறம். புளிப்பு. கால் மட்டும் தொண்டையில கொஞ்சம் சிக்குச்சு. ஓடைக்கரையில இருக்கிற பழைய பச்சை ஈயேதான். புது இனம் கிடையாது!”

“அப்படின்னா அந்த வெயில் இலை எனக்கு!” என்று குதித்தது ஓணான். அந்த இலையில் உட்கார்ந்து வேட்டையாட வேண்டும் என்று அதற்கு வெகுநாள் ஆசை. “இவங்க எல்லாரும் ஓடைக்கரை இருட்டுக்கே போகட்டும்!”

அப்போது மேலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

“நாங்க வேற, அவங்க வேறங்க. வெயில் இல்லாத இடத்துல எங்களால ஜோடி சேர முடியாது. எங்க வம்சமே அத்துப்போயிடும்.” பேசியது ஒரு குட்டி ஆண் ஈ. அது தவளையைப் பார்த்துத் திரும்பியது. “நீங்க தின்னது என் அண்ணனை. அவரைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்? புளிப்புன்னு மட்டும்தானே தெரியும்? என்னை ஒரே ஒரு தடவை உயிரோட பாருங்க!”

தொந்தியப்பனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வர்ணிக்கப்பட்ட எவரும் அதுவரை அதனிடம் திரும்பி வந்து பேசியதில்லை. எப்படி வர முடியும்?

“சரி, வெயில் உச்சிக்கு வர்றவரைக்கும் நேரம் தர்றேன்,” என்றது நீர்நாய். “தொந்தியப்பா, போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு. அதுவரைக்கும் யாரும் இவங்களைத் தொடக் கூடாது. உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்!”

தவளை இலைக்கு எதிரே போய் உட்கார்ந்தது. ஐயோ, அந்தச் சோதனையை என்னவென்று சொல்வது! ஈ எட்டும் தூரத்தில் இருக்கிறது. பசி வயிற்றைக் கிள்ளுகிறது. நாக்கு உள்ளே துடிக்கிறது. அந்த நாக்கைத் தவளைக்கு நன்றாகத் தெரியும். அது யாரையும் கேட்டுக்கொண்டு வெளியே வருவதில்லை. தொந்தியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தது. கீழே கிடந்த ஒரு காட்டு ஜாதிக்காயை எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டது.

பிறகு பார்க்கத் தொடங்கியது.

முதலில் பச்சை மட்டும்தான் தெரிந்தது. வெயில் நகர்ந்து இலைமேல் விழுந்ததும் அந்தப் பச்சைக்குள் செம்பும் நீலமும் எழுந்தன. ஈ தன் நெட்டைக் கால்களில் எழும்பி நின்றது. நடுக்கால்களின் நுனியில் வெள்ளையாக ஒரு சின்னக் கொடி! பழைய பச்சை ஈக்கு அது கிடையாது. புளிப்பைத் தேடிய நாக்குக்கு அது எங்கே தெரியப்போகிறது?

பக்கத்து இலையில் ஒரு பெண் ஈ வந்து அமர்ந்தது. உடனே ஆண் ஈ ஒரு காலை உயர்த்தி மெல்ல அசைத்தது. நிறுத்தியது. மறு காலை உயர்த்தி வேகமாக அசைத்தது. பிறகு இரண்டையும் விரித்துப் பிடித்து அப்படியே நின்றது. பெண் ஈ ஓர் அடி நெருங்கி வந்தது. வெயிலை மேகம் மறைத்ததும் தயங்கி நின்றுவிட்டது. மறுபடி வெயில் வந்ததும் மறுபடி கையசைப்பு!

தொந்தியப்பன் கண் கொட்டவில்லை. ‘அடேயப்பா, இவ்வளவு சின்ன உடம்புக்குள்ள இவ்வளவு அழகா!’ என்று நினைத்தது. பசியையே மறந்துபோனது. பிறந்ததிலிருந்து அது பசியை மறந்தது அன்றுதான். அண்ணன் ஈயும் இப்படித்தான் கையசைத்திருக்கும் என்று அதற்கு அப்போதுதான் தோன்றியது.

வெயில் உச்சிக்கு வந்தது. சபை வெயில் இலையின் அடியிலேயே கூடியது.

“என்ன பார்த்தே? சொல்லு!” என்றது நீர்நாய்.

தவளை வாயைத் திறக்கவில்லை. ஈக்கள் தலைக்கு மேலேயே பறந்துகொண்டிருந்தன. ஜாதிக்காயைத் துப்பினால் நாக்கு சும்மா இருக்குமா?

“பேச்சைக் காணோமே! சொல்ல ஒண்ணும் இல்லை போலிருக்கு!” என்று சிரித்தது ஓணான்.

தொந்தியப்பன் மெல்ல வெயிலுக்குள் நகர்ந்து வந்தது. தொந்தியை எக்கிக்கொண்டு எழும்பி நின்றது. சபையே பார்க்க, தன் சேற்றுக் காலை உயர்த்தி மெல்ல அசைத்தது. நிறுத்தியது. மறு காலை உயர்த்தி வேகமாக அசைத்தது. பிறகு இரண்டையும் விரித்துப் பிடித்து அப்படியே நின்றது.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. ஓணான் சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து வழுக்கியது.

அப்போது பெண் ஈ பறந்து வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. நேராகத் தவளையின் விரித்த காலின் நுனியில் வந்து உட்கார்ந்தது!

சிரிப்பு நின்றது. பெண் ஈ தவளையின் நாக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தொந்தியப்பன் விரித்த காலை அசைக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. ஆண் ஈ பதறிப்போய் இலையிலிருந்து அதே அசைவைக் காட்டியது. பெண் ஈ நிதானமாகத் திரும்பி, தன் ஜோடியிடம் பறந்து போனது.

ஓடைக்கரைப் பழைய பச்சை ஈக்களும் சபைக்கு வந்திருந்தன. அவற்றில் ஒன்றுகூட அசையவில்லை. “இது எங்க பாஷை இல்லீங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியலை!” என்றன அவை.

நீர்நாய் எழுந்து நின்றது. “இதைவிட நல்ல வர்ணனையை இந்தச் சபை கேட்டதில்லை. இது புது இனம்தான். பேரு, கையசைப்பான். வெயில் இலை இனிமே அவங்களோடது!”

ஓணான் வாலைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனது.

சபை கலைந்ததும் ஆண் ஈ இலையின் ஓரத்துக்கு வந்து நின்றது. தன் அண்ணனைத் தின்ற தவளையைச் சற்று நேரம் பார்த்தது. பிறகு வெள்ளை நுனிக் கால் ஒன்றை உயர்த்தி ஒரே ஒரு முறை அசைத்தது. தொந்தியப்பனும் கண் கலங்க, வாயில் ஜாதிக்காயோடு, பதிலுக்குக் காலை உயர்த்தி அசைத்தது.

ஓர் உயிரை அறிய வேண்டுமானால், அதை நம் வாய்க்கு இரையாக்காமல், அது வாழும் இடத்தில் வாழவிட்டுப் பொறுமையோடு பார்க்க வேண்டும்.