வெள்ளிக்கிழமை நுனி

சென்னியப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய மாஸ்டர் பூங்கோதைக்கு முப்பத்தாறு.

பெருந்துறை பைபாஸ் ஓரத்தில் இருந்தது பூங்கோதையின் கடை. ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் ஓடும் கார்களில் கல் தெறித்து முன்பக்கத்துப் பெயிண்ட் பெயராமலிருக்க, கண்ணுக்குத் தெரியாத பிலிம் ஒட்டுவார்கள். ஒட்டிய பிறகு ஓரங்களைக் காரின் மேலேயே வைத்துக் கட்டரால் வெட்ட வேண்டும். பிலிம் அறுபட வேண்டும். அடியில் இருக்கும் பெயிண்டுக்குத் தெரியக் கூடாது.

சென்னியப்பன் இருபத்தாறு வருடம் பஸ்களுக்கு ஸ்பிரே அடித்தவர். இனி அந்தப் புகை ஆகாது, நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகு இங்கே வேலை பழக வந்தார். போன மாதம் ஒரு சிவப்புக் காரின் பம்பரில் கோடு இழுத்துவிட்டார். பூங்கோதை அவரைப் போகச் சொல்லவில்லை. இன்னொரு கோடு விழுந்தால் கட்டரை வைத்துவிட்டுப் போய்விடுவது என்று அவரே முடிவு செய்திருந்தார். போவதற்கு வேறு இடம் இல்லை.

அன்றைக்கு வந்தது கருநீலக் கார். எடுத்து நாலு நாள். சொந்தக்காரர் ஒரு பத்திர எழுத்தர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

“ஏனுங்க, கோடு கீடு விழுந்துச்சுன்னா கடையையே எழுதி வாங்கிப்போடுவனுங்க,” என்றார்.

“பத்திரச் செலவு உங்களதுங்க,” என்றார் பூங்கோதை.

போனட்டைப் பூங்கோதை முடித்தார். ஹெட்லைட் ஓரம் சென்னியப்பனுக்கு.

அவர் கட்டரை வைத்தார். பிலிம் அறுபடாமல் இழுபட்டுச் சுருங்கியது. அழுத்தினார். நகம் வெளுத்தது. இன்னும் அழுத்தினார்.

“நில்லுங்கண்ணா.”

பூங்கோதை பிலிமின் ஓரத்தைத் தூக்கி, அடியில் நகத்தால் வருடிப் பார்த்தார். கோடு இல்லை. கட்டரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிளேடு மழுங்கினால் நுனித் துண்டை உடைத்து எறியலாம். அடுத்த துண்டு புது நுனியாக நிற்கும். ஒரு வெட்டுக்கு ஒரு நுனி என்பது கடையின் வழக்கம்.

“இது எப்ப உடைச்சது?”

“வெள்ளிக்கிழமைங்க.”

“இன்னைக்குச் செவ்வாய்.”

“அந்தச் சிவப்பு வண்டியில கோடு விழுந்தது புது நுனியிலங்க மாஸ்டர். தொட்டதும் பெயிண்ட் வரைக்கும் போயிருச்சு. மழுங்குனது அப்படிப் போகாதுங்க. வேணும்னுதான் வெச்சிருக்கறேன்.”

பூங்கோதை கட்டரைத் திருப்பிக் கொடுத்தார்.

“பெயிண்டைத் தொடாம வெட்டறதுக்கு என்னதானுங்க வழி?” என்று கேட்டார் சென்னியப்பன்.

பூங்கோதை ஸ்பிரே பாட்டிலை எடுத்தார். தன் இடது மணிக்கட்டின் உள்பக்கம் சோப்புத் தண்ணீர் அடித்தார். வெட்டியெறிந்த பிலிமில் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் ஒட்டி, விரலால் தண்ணீரைத் தள்ளினார். பிலிமுக்கு அடியில் பச்சை நரம்பு தெளிவாகத் தெரிந்தது. கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தார்.

“வெட்டுங்க.”

“மாஸ்டர்.”

“குறுக்கால. ரெண்டு விரல் அகலம் போதும்.”

“விளையாடாத கண்ணு.”

“அந்த வண்டியை எடுத்து நாலு நாள் ஆச்சு. இதை நான் முப்பத்தாறு வருசமா வெச்சிருக்கறேன். வெட்டுங்க.”

பத்திர எழுத்தர் கண்ணாடியைத் தட்டினார். “என்னங்க பண்றீங்க அங்க?”

யாரும் திரும்பவில்லை.

சென்னியப்பன் கட்டரை மணிக்கட்டுக்குக் கொண்டுபோனார். நுனிக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு அரிசி கிடக்கும் இடம். நாடி துடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு லாரி போனது. கண்ணாடி அதிர்ந்தது. பூங்கோதையின் கை அசையவில்லை.

அவர் கட்டரைப் பின்னுக்கு இழுத்தார். மேசையில் குறடு கிடந்தது; அதை எடுத்து நுனியைப் பிடித்து உடைத்தார். துண்டு தரையில் விழுந்தது.

பிறகு வெட்டினார். அழுத்தவில்லை. கட்டரின் கனம் மட்டும் பிலிம்மேல் நகர்ந்தது. பிலிம் இரண்டாகப் பிரிந்தது.

பூங்கோதை இரண்டு துண்டையும் உரித்தார். தோல் ஈரமாக இருந்தது. வேறொன்றும் இல்லை. சென்னியப்பன் கட்டைவிரலால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“எதுக்குண்ணா உடைச்சீங்க?”

“பழசுன்னா அழுத்தோணுங்க. அழுத்துனா எங்க போய் நிக்கும்னு கைக்குத் தெரியாது.”

சொல்லிவிட்டு அவர் ஹெட்லைட்டைப் பார்த்தார். ஒரே ஒரு வெட்டு வெட்டிய அந்த நுனியையும் குறட்டால் உடைத்தார்.

காருக்கு முன்னால் குனிந்தவர், கட்டரை வைக்காமல் திரும்பினார்.

“மாஸ்டர், உங்களுக்குப் பயமே இல்லீங்களா?”

“இருந்துச்சுங்கண்ணா. அதனாலதான் கையை ஆட்டாம வெச்சிருந்தேன்.”