கை அசையாத பாடம்

பரமக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சுலோச்சனா தற்காலிக ஆங்கில ஆசிரியை. படம் வரைந்து, நடித்துக் காட்டி அவள் நடத்தும் பாடத்தில் ஏதோ ஏமாற்று இருக்கிறதென்று ஆய்வுக்கு வந்த அதிகாரி சொக்கநாதனுக்குச் சந்தேகம். அவளுடைய பாடக்குறிப்பைப் புரட்டினார்.

"பிள்ளைங்க உங்க கையைப் பார்த்துத்தானே பதில் சொல்லுதுங்க? இனிமே படம், சைகை, தமிழ் எதுவும் கூடாது. வெறும் இங்கிலீஷ்லயே புரியணும். இல்லைன்னா உங்களுக்கு வேலை கிடையாது."

"சரிங்க சார்" என்றாள். அவர் வகுப்பின் ஓரத்தில் காலியாகக் கிடந்த பெஞ்சில் உட்காரப் போனபோது, கையைக் கட்டிக்கொண்டு தன் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னாள். அவர் முறைத்தார். மறுபடி நிதானமாகச் சொன்னாள். பிறகு சத்தமாகவும் சொன்னாள்.

"என்னைத் திட்டுறீங்களா?" என்றபடி உட்கார்ந்தவர், ஈரம் பட்டதும் துள்ளி எழுந்தார். வெள்ளைப் பேண்ட்டின் பின்பக்கமெல்லாம் பச்சைப் பெயிண்ட்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"பெயிண்ட் காயலைன்னு மூணு தடவை சொன்னேனே சார். விரலை நீட்டிக் காட்டியிருந்தா புரிஞ்சிருக்கும். அதைத்தான் கூடாதுன்னுட்டீங்க."

வகுப்பே சிரித்தது. அவள் முகத்தில் கேலி தெரிகிறதா என்று அதிகாரி துருவிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. பாடக்குறிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்தே வெளியேறினார்.